என் வீட்டுக்காரரை நம்பராக்கினார்கள்

உங்கள் பத்திரிகைக்கு எழுதுகிற குறிப்புகளுக்கு ஒன்று, இரண்டு என்று எண் போட்டு அனுப்பினால் அச்சில் பார்க்க நன்றாக இருக்கும் என்று அட்டனிலிருந்து என் தங்கை மகள் சொன்னாள். நான் எண் போடமாட்டேன். என் வீட்டுக்காரர் இறந்த தேதியையும் எழுதமாட்டேன், அவருடைய வயதையும் எழுதமாட்டேன். ஏன் என்று படித்துக்கொண்டு போகும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

அவருடைய முதல் வருஷத் திவசம் முடிந்து சில மாதமாகிறது. அன்றைக்கு நடந்ததை எழுதாமல் இருக்கமுடியவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்து, கூட்டிக்கூட்டித்தான் எழுதவேண்டும். எழுதித் தரச்சொல்லி யாரிடமும் போய் நிற்கவில்லை. எனக்கு அவசரமும் இல்லை.

நான் இலங்கையில் உங்கள் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். கப்பலேறி, முகாமில் இருந்து, லாரியில் இந்த நீலகிரிக்கு வந்து இறங்கினோம். பந்தலூர் தாண்டி, கேரள எல்லைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். தொழிலாளர் வரிசை வீடுகளை அங்கே லயம் என்பார்கள், இங்கே பாடி என்கிறார்கள். அங்கே எங்களை இந்தியாக்காரர்கள் என்றார்கள், இங்கே சிலோன்காரர்கள் என்கிறார்கள். ஆபீஸ் காகிதத்தில் தாயகம் திரும்பியோர் என்று எழுதுகிறார்கள். அப்படி எழுதி அரசாங்கம் கொடுத்த வீட்டில்தான் பாடியை ஒட்டி இருக்கிறேன். கொழுந்தெடுத்தேன், பிள்ளை வளர்த்தேன், ஒருவரிடமும் தலை குனிந்ததில்லை. அவர் ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டுகிற மேல்தளத்தில் வேலை பார்த்தார். சீட்டாட்டம், டிக்கெட்டு, பந்தயம் எதையும் தொட்டவரில்லை. "ஒழைச்சது போதாம இன்னும் கேட்டா அது பிச்ச" என்பார்.

*

இங்கே உள்ள நிலவரத்தை முதலில் சொல்லவேண்டும். தமிழ்நாட்டில் லாட்டரி கிடையாது, தடை. எல்லைக் கோட்டைத் தாண்டி ஒரு டீக்கடை தூரம் போனால் கேரளா. அங்கே அரசாங்கமே நடத்துகிறது. கடைக்குக் கடை டிக்கெட்டுத் தொங்கும், துணி காயப்போட்ட மாதிரி. தினமும் மத்தியானம் மூன்று மணிக்குக் குலுக்கல்.

எல்லை முக்கில் பாலேட்டன் என்று ஒருவர் மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்து டிக்கெட்டு விற்கிறார். இரண்டு காலும் சூம்பிப்போனவர். அதில்தான் பெண்பிள்ளைகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தார். ஒரு நாள் பஸ்ஸுக்கு நின்றபோது நான் அவரிடம் கேட்டேவிட்டேன், இது பாவமில்லையா என்று.

"சேச்சி, இந்தக் காசுல எத்தன ஆளுக்கு ஆசுபத்திரிச் செலவு நடக்குது தெரியுமோ? எனக்குப் பிச்ச எடுக்காமச் சோறு. இது பாவம்னா புண்ணியம் எது, நீங்க பறயுங்க."

அந்தப் பக்கத்து ஒரு பெண்ணுக்கு வைத்தியத்துக்கு உதவிப்பணம் வந்ததை நானே பார்த்திருக்கிறேன். இல்லை என்று சொல்ல என்னால் முடியாது.

ஆனால் எங்கள் பாடிக்குள் வந்து உட்கார்ந்திருப்பது பாலேட்டன் விற்கிற டிக்கெட்டு இல்லை. அந்தக் குலுக்கலின் நிழலில் நடக்கிற களவு ஆட்டம். முதல் பரிசு விழுகிற நம்பரின் கடைசி மூன்று இலக்கம் என்னவாக இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லிப் பணம் கட்டவேண்டும். காகிதம் கிடையாது, போனில் சொன்னால் போதும். விழுந்தால் வைத்ததைப்போலப் பல மடங்கு. மூன்று நம்பர் என்பார்கள். போலீஸ் பிடிக்கும், பிறகு வேறு ஒருவன் நடத்துவான்.

மூன்று இலக்கத்தை எங்கிருந்து பிடிப்பது? அதுதான் இந்த ஊர்க்காரர்களின் பெரிய படிப்பு. காட்டுமாடு செத்தால் அது கிடந்த தேயிலைப் பாத்தியின் நம்பர். யானை வந்து சுவரை இடித்தால் அந்த வீட்டு நம்பர். சாவு வீட்டில் கிடைக்கிற நம்பருக்கு எல்லாவற்றையும்விட வலு அதிகமாம். அவர் இறந்தபோது இது எனக்குத் தெரியாது.

*

அவர் ஆஸ்பத்திரியில் இறந்து, ஆம்புலன்சில் கொண்டுவந்து இறக்கினார்கள். பக்கத்து வீட்டு முருகேசு வண்டியின் பின் கதவைப் பிடித்துக்கொண்டு "அண்ணே, அண்ணே" என்று அலறினான். அவனும் எங்களோடு ஒரே கப்பலில் வந்த குடும்பம். குழி வெட்டியதும் அவன்தான், தோள் கொடுத்ததும் அவன்தான்.

கருமாதியன்று தாலி அறுத்தவளுக்குப் பிறந்த வீட்டார் கோடிச் சேலை போடவேண்டும், உங்களுக்குத் தெரிந்த வழக்கம்தான். என் பிறந்த வீட்டார் எல்லோரும் கடலுக்கு அந்தப் பக்கம். யார் போடுவார்கள் என்று நான் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தேன். வாய்விட்டுக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. முருகேசு தானாகவே தாம்பாளத்தில் சேலையோடு வந்து நின்றான். நல்ல சேலை, அவன் சம்பளத்துக்கு மீறிய சேலை. என் தோளில் போட்டான். எனக்குக் கூடப்பிறந்தவன் வந்து நின்ற மாதிரி இருந்தது. "எதுக்குடா தம்பி இவ்வளவு செலவு?" என்று கேட்டேன்.

"என் காசு இல்லக்கா. அண்ணனே வாங்கிக் குடுத்தது."

பாசத்தில் சொல்கிறான் என்று நினைத்தேன். அவன் இன்னும் கிட்ட வந்து, சந்தோஷத்தை அடக்கமாட்டாமல் சொன்னான்:

"ஆம்புலன்ஸ் நம்பரு கடைசி மூணுக்கா. அப்படியே விழுந்துச்சு! பாடியில பாதிப் பேரு வச்சிருந்தோம், அத்தன பேருக்கும் அடிச்சிருச்சு. போற போக்குல எல்லாருக்கும் குடுத்துட்டுப் போயிருக்காருக்கா அண்ணன்!"

சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு "நல்ல மனுசன்" என்றாள்.

என் புருஷனை வண்டியிலிருந்து இறக்கும்போது இவர்கள் வண்டியின் நம்பரைப் பார்த்திருக்கிறார்கள். முருகேசு கதவைப் பிடித்து அழுதது நிஜம். அந்தக் கதவுக்குக் கீழே இருந்த நம்பரைப் பார்த்ததும் நிஜம். ஒன்று பொய்யாக இருந்தால் நான் தாங்கியிருப்பேன். சேலையைக் கழற்றி அவன் முகத்தில் எறிந்திருக்கலாம். ஆனால் அந்தக் கை வெட்டிய குழியில்தான் அவர் படுத்திருக்கிறார். சேலையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

*

அதன்பிறகு ஆரம்பித்தது கனவு விசாரணை. தண்ணீர்க் குழாயடியில், பாடியிலிருக்கும் தங்கம் கேட்டாள்:

"அண்ணன் கனவுல வந்தாராக்கா?"

"வந்தா ஒன் செவுட்டுல ரெண்டு வைக்கச் சொல்லுவாரு."

"ரெண்டா?" என்று திரும்பிப் பின்னால் நின்றவளைப் பார்த்தாள். "கேட்டியாடி? ரெண்டு. அப்பறம் என்னக்கா?"

"அப்பறம் வெளக்குமாறு!"

"வெளக்குமாத்துக்கு என்னடி நம்பரு?" என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டே குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு விழுந்த மூன்றில் ஒன்று இரண்டாக இருந்து தொலைத்தது. சாயங்காலம் தங்கம் எனக்கு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தாள்.

நான் ஏசினால் நம்பர். பேசாமல் இருந்தால் அது சைபர். தேத்தண்ணிக்குச் சீனி போடமாட்டார், வெல்லத்தைக் கடித்துக்கொண்டுதான் குடிப்பார் என்று ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "ஒரு கிளாசுக்கு எத்தன கடிக்கா?" என்று கேட்டாள் ஒருத்தி. செத்துப்போன புருஷனைப் பற்றி ஒரு பெண்பிள்ளைக்கு நாலு வார்த்தை பேசவேண்டும் என்று இருக்காதா? எனக்கு அந்த வழி அடைத்துப்போயிற்று.

மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவன் பிள்ளைகள் என்னோடு பேசும்போது பாதி இங்கிலீஷ். சிலோன் எங்கே இருக்கிறது என்று கேட்டால் கேரளாவுக்குப் பக்கத்தில் என்கிறார்கள். மகன் மாதத்துக்கு ஒரு தடவை போன் செய்வான். சொந்தப் பிள்ளையிடமாவது சொல்லலாம் என்று ஒரு நாள் சொன்னேன்: "அடுப்படியில நிக்கிறேன்பா, பின்னால அப்பா இருமுற மாதிரியே கேட்டுச்சு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அழுகிறான் போல என்று நினைத்தேன்.

"எத்தன தடவம்மா இருமினாரு?" என்றான்.

போனை வைத்துவிட்டேன். இதைவிட ஒரு அதிர்ச்சி இனி எனக்கு இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன்.

*

திவசத்துக்கு முன்னால் முருகேசுவின் மனைவி ராணி வந்தாள். வாசலில் நிற்காமல் நேராக அடுப்படிக்கு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முருகேசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டான். ஓய்வு பெற்றால் பாடியைக் காலி செய்யவேண்டும். தேவாலா பக்கம் கொஞ்சம் இடம் வாங்கிப் போட்டிருந்தார்கள். இத்தனை வருஷம் உழைத்த செட்டில்மென்ட் பணம் மொத்தமாகக் கைக்கு வந்திருக்கிறது. அதில் வீடு கட்டவேண்டும், வேறு வழியில்லை.

"அவரு அத்தனையும் வைக்கப்போறாருக்கா. வருசத் தெவசத்தன்னைக்கு அண்ணன் நம்பரு குடுப்பாரு, ஒங்க வாயில வரும்னு ஒக்காந்திருக்காரு. அன்னைக்குச் சின்னதா வச்சுப் பாப்பாராம். அடிச்சா மறுநாள் மொத்தமும்."

"நான் என்னத்தடி சொல்றது? ஒன் புருசன் கையக் கட்டி வையி."

"கட்டுனா நிக்கிற கையா அது? அக்கா, ஒரு பொய் சொல்லுங்க. வாயில வந்த நம்பரச் சொல்லுங்க. விழாது. ஆயிரத்துல ஒண்ணு, எங்க விழப்போவுது? வெறுத்துப்போய் விட்டுருவாரு."

செத்தவர் பெயரில் பொய் சொல்வதா? நானா? எழுந்து போ என்று சொல்லிவிட்டேன். ராணி போகவில்லை. "பாடியக் காலி பண்ணுன்னு சொல்லியாச்சுக்கா. மழைக்குள்ள நாங்க எங்க போறது?" என்றாள். இந்த ஊர் மழை உங்கள் ஊர் மழைக்குச் சளைத்தது இல்லை. ஆடி மாதத்தில் போக்கிடம் இல்லாமல் நிற்பது என்றால் என்னவென்று முகாமில் இருந்தவளுக்குத் தெரியாதா?

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். அந்த ஒரு வருஷத்தில் அவர் என் கனவில் ஒரு நாளும் வரவில்லை. பாடியில் இருக்கிற எல்லோருடைய கனவிலும் வந்தாராம். கட்டிய பெண்டாட்டி கனவில் வரவில்லை. அதை வெளியில் சொல்ல என் கௌரவம் விடவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வருகிறார், இவள் மறைக்கிறாள் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

*

திவசத்தன்று இலை போட்டுப் படைத்தேன். சாப்பிட்டு முடித்தவர்கள் எழுந்திருக்கவில்லை. எல்லோருக்கும் கண் என் வாயில். முருகேசு கையைக் கட்டிக்கொண்டு நின்றான், கோயில் கர்ப்பக்கிரகத்துக்கு முன்னால் நிற்பதைப்போல.

ஒரு நம்பரைச் சொன்னேன். அவருடைய எதோடும் ஒட்டாத, என்னுடைய எதோடும் ஒட்டாத நம்பர். முதல் நாள் முழுக்க யோசித்து, எதிலும் சேராதது என்று பொறுக்கி எடுத்தது. அப்புறம் ஆளாளுக்குப் போனோடு வெளியே போனார்கள்.

மூன்று மணிக்கு முருகேசு, ராணி, நான் மூன்று பேரும் என் வீட்டில் இருந்தோம். அவனுக்குப் போனில் பொடி எழுத்துத் தெரியாது, ராணிதான் பார்த்துப் படித்தாள். கடைசி மூன்றில் முதலாவதைப் படித்தாள். நான் சொன்னது. விழக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்த என் நெஞ்சு திக்கென்றது. இரண்டாவதைப் படித்தாள். அதுவும் நான் சொன்னது. என் உடம்பில் ஏதோ ஏறியது. நெஞ்சு குதித்தது. வா, வா என்றது. மூன்றாவதைப் படித்தாள். வேறு நம்பர்.

"ச்சே!"

அந்தச் சத்தம் முருகேசு வாயிலிருந்து வரவில்லை. என் வாயிலிருந்து வந்தது.

ராணி தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? அவள் வீடு போகக்கூடாது என்று பொய் சொன்னவள் நான். அவள் வீட்டை வைத்து ஆடியவளும் நான்தான். அந்த நேரத்துக்கு என் நெஞ்சுக்கு ராணியும் தெரியவில்லை, மழையும் தெரியவில்லை, செத்துப்போனவரும் தெரியவில்லை. நம்பர் ஒன்றுதான் தெரிந்தது.

முருகேசு என் காலில் விழுந்துவிட்டான். "அண்ணன் நம்மள விட்டுப் போகலக்கா! ரெண்டு வந்திருச்சு பாருங்க! நாளைக்கி மூணும் வரும்!"

அதற்குமேல் என் கௌரவத்தைப் பிடித்துவைத்து என்ன செய்ய? சொல்லிவிட்டேன். "எந்திரிடா. அண்ணன் குடுக்கல. நானா சொன்ன பொய்யிடா அது. ஒங்க அண்ணன் ஒரு நாளும் என் கனவுல வரல. ஒரு நாளும் வரல."

அவன் எழுந்தான். என்னையே பார்த்தான். வெட்கப்படுவான், கோபப்படுவான் என்று பார்த்தேன். முகம் மெல்ல மெல்ல விரிந்தது.

"அப்ப அண்ணன்கிட்ட இல்லக்கா," என்றான். "பொய் சொன்னாலே ரெண்டு வருதுன்னா, ராசி ஒங்ககிட்ட இருக்கு!"

*

நான் ராணியைப் பார்த்தேன். அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது வேறு வழி தெரியவில்லை. "சரிடா. ராசி என்கிட்டத்தான் இருக்கு," என்றேன். "என் ராசி வீடு இல்லாதவனுக்குப் பலிக்காது. மொதல்ல கடைக்கால் வெட்டு. வெட்டிட்டு வா, சொல்றேன்."

மறுநாள் மூன்று மணிக்குள் அவன் கடைக்கால் வெட்ட ஆள் பிடித்துவிட்டான். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கொத்தனார், வெற்றிலை போட்ட வாயோடு என்னிடம் வந்து கேட்டார்: "ஏனுங்கம்மா, ஊடு கட்டறவரு எதுக்குங்க இப்பிடி அவசரப்படுத்தறாரு? காரை காய வேண்டாமுங்களா?" முருகேசு கடைக்கால் முடிந்ததும் வந்து நின்றான். நிலை வைக்கட்டும் என்றேன். நிலை வைத்துவிட்டு வந்தான். கூரை மட்டம் வரட்டும் என்றேன். "அக்கா ஏமாத்தறீங்க" என்று சிரித்தான், ஆனாலும் போய்ச் சிமெண்டு வாங்கினான். நேற்று மேல்தளம் கொட்டினார்கள். "இனி வச்சு ஆட மிச்சம் ஒண்ணும் இல்லக்கா, அத்தனையும் செவத்துல ஏறிருச்சு" என்று ராணி காதோடு சொன்னாள். அவள் சிரித்தாள். ஆனால் 'ச்சே' என்ற சத்தத்தை அவள் மறக்கவில்லை. எனக்குத் தெரியும்.

பாலேட்டனிடம் இதைச் சொன்னால், பார்த்தீங்களா சேச்சி, சூதாட்ட ஆசை ஒரு வீட்டைக் கட்டிவிட்டது என்பார். சொல்லட்டும். சூது நல்லதா கெட்டதா என்று கேட்பவர்களுக்கு ஆஸ்பத்திரிக் கணக்கைக் காட்ட ஆள் இருக்கிறது, அழிந்துபோன குடும்பத்தைக் காட்டவும் ஆள் இருக்கிறது. எனக்குத் தெரிந்தது வேறு. அது மனுஷன் இருந்த இடத்தில் நம்பரைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறது. அதற்குப் படித்தவன், படிக்காதவன், ஆடுகிறவன், ஆடாதவன் என்ற பேதம் கிடையாது. மத்தியானம் மூன்று மணி ஆனால் யாரும் என்னைக் கேட்காமலே என் காது பக்கத்து வீட்டுப் போன் பக்கம் போகிறது.

தளம் கொட்டின அலுப்பில் நேற்று சீக்கிரமே படுத்துவிட்டேன். விடியற்காலையில் அவர் வந்தார். முதல் தடவையாக வந்தார். ஸ்டோர் வாசலில், குளிருக்குப் போடுகிற அந்தப் பழைய கோட்டோடு, கொழுந்து வாசத்தோடு நின்றார். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கோட்டுப் பொத்தான்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.